சிக்னல் ஃபுல், ஆனால் வேலை நடக்கவில்லை: அலைவரிசை மோதலை அறிகுறி வைத்துப் பிடிப்பது

பல்லடம், திருப்பூர், அவிநாசி சுற்றுவட்டாரத்தில் வைஃபை, கேமரா, பார்கோடு ஸ்கேனர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். மாட்டுகிற நாளைவிட, மாட்டியதை மறுபடி போய்ப் பார்க்கிற நாள்தான் அதிகம். "ஏனுங் தம்பி, நாலு கோடும் நிக்குது, ஒண்ணும் ஓடமாட்டேங்குது" என்று போன் வந்தால் பெரும்பாலும் ரௌட்டரில் கோளாறு இருக்காது. ஒரே அலைவரிசையில் வைஃபை, புளூடூத், கேமரா, அடுப்பு என்று ஏழெட்டுச் சாதனங்கள் முட்டிக்கொண்டு நிற்கும்.

பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வாய்க்கால் ஒன்று, தோட்டம் பல. வைஃபை முறை பார்த்துப் பேசும்: காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டு, இல்லையென்றால்தான் வாயைத் திறக்கும். புளூடூத் ஓரிடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் பழைய அனலாக் வீடியோ கருவியும் யாரையும் கேட்பதில்லை, மடையை உடைத்துவிட்ட கணக்குத்தான். இவை எல்லாம் கூடுகிற 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை, அதாவது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, நம் நாட்டில் 2005 முதல் உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம். அதனால் பக்கத்து யூனிட்காரர் மேல் புகார் கொடுக்கவும் வழியில்லை. நாமேதான் ஒதுங்கிப் பிழைக்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்வது

லேப்டாப்பில் ரௌட்டரின் முகவரிக்கு பிங் ஓடவிடுங்கள். கூப்பிட்டால் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை அது. 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். வெளி நெட்டுக்கு அல்ல, ரௌட்டருக்கு. பதில் இரண்டு, மூன்று, ஐந்து மில்லிசெகண்டில் சீராக வந்தால் காற்றில் பிரச்சினை இல்லை. ஃபைபர் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், இதற்கு மேல் படிக்க வேண்டாம். 3, 4, 280, 5, பதில் இல்லை, 410 என்று குதித்தால் கோளாறு உங்கள் கட்டடத்துக்குள் இருக்கிறது.

அடுத்து, போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றை இறக்கி, வேலை நடக்கும் இடத்தில் நின்று சிக்னல் அளவைப் பாருங்கள். மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல எண் (மைனஸ் 60, மைனஸ் 50) என்றால் சிக்னல் போதும். மைனஸ் 75க்குப் போய்விட்டால் அது மோதல் இல்லை, வெறும் தூரம். ரௌட்டரை நகர்த்துங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்தச் செயலிக்கு வைஃபை மட்டும்தான் தெரியும். புளூடூத், ஜிக்பீ (ஸ்மார்ட் சுவிட்ச், சென்சார் பேசும் முறை), அடுப்பு, அனலாக் கேமரா எதுவும் அதில் வராது. திரை காலியாக இருக்கிறது என்பதால் காற்று காலியாக இருக்கிறது என்று நினைத்து நானே அரை நாள் வீணடித்திருக்கிறேன்.

அறிகுறி 1: கோடு முழுசாக நிற்கிறது, நெட் ஊர்ந்து போகிறது

*கரண்ட் போய் வந்த பிறகு ஆரம்பித்ததா?* விலை குறைந்த ரௌட்டர்கள் பல, ஆன் ஆகும் நேரத்தில் மட்டும்தான் சேனல், அதாவது பட்டைக்குள் தான் நிற்க ஓர் இடம், தேடும். காம்ப்ளக்ஸ் முழுக்கக் கரண்ட் வந்ததும் இருபது ரௌட்டரும் ஒரே நேரத்தில் முழிக்கும். அந்த நொடியில் எல்லா சேனலும் காலியாகத் தெரியும், பாதிப் பேர் ஒரே இடத்தில் போய் உட்காருவார்கள். ரௌட்டரை மட்டும் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். சரியானால் காரணம் இதுதான். செட்டிங்கில் ஆட்டோவை எடுத்துவிட்டு சேனலைக் கையால் குறியுங்கள்.

*எந்த சேனல்?* 2.4இல் 1, 6, 11. இந்த மூன்றும்தான் ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாக நிற்கும். செயலியில் 3, 4 காலியாகத் தெரிகிறதே என்று அங்கே போய் உட்காரும் பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது. அது வரப்பில் நாற்று நடுகிற வேலை. 6ஆம் சேனலில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தாலும் அங்கே போனால் அவர்கள் பேசுவது உங்கள் ரௌட்டருக்குப் புரியும், முறை எடுத்துப் பேசும். 3இல் உட்கார்ந்தால் 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் நீங்கள் இரைச்சல், உங்களுக்கு அவர்கள் இரைச்சல்.

*சேனல் அகலம்?* 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 20 ஆக்குங்கள். மொத்தமே 83.5 இருக்கும் இடத்தில் ஒருவர் 40 எடுத்தால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? பெட்டியில் அச்சடித்த வேகம் குறையும், கையில் கிடைக்கும் வேகம் கூடும்.

*பழைய சாதனம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா?* இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கேட்டுக்கு மேலே, ரௌட்டரிலிருந்து நாலு சுவர் தள்ளி ஒரு பழைய வைஃபை கேமரா இருக்கும். சிக்னல் எட்டாததால் 1 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிப் பேசும். 1500 பைட் உள்ள ஒரு பாக்கெட்டை அந்த வேகத்தில் அனுப்ப 12 மில்லிசெகண்ட் ஆகும். அதே பாக்கெட்டை 54 மெகாபிட்டில் அனுப்பக் கால் மில்லிசெகண்ட் போதும். அரை அங்குலக் குழாயில் பாய்ச்சுகிறவர் முறை முடியும் வரை மற்ற தோட்டக்காரர்கள் மண்வெட்டியோடு நிற்க வேண்டியதுதான். ரௌட்டர் செட்டிங்கில் யார் யார் என்ன வேகத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கும். அடியில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு பிங் பாருங்கள். சரியானால் அந்தக் கேமராவுக்கு கேட்6 (Cat6) நெட்வொர்க் வயர் இழுத்துவிடுங்கள். ரௌட்டரில் 11பி என்ற பழைய முறையை நிறுத்த வழி இருந்தால் நிறுத்துங்கள். பழைய சாதனம் அதற்கப்புறம் ஒட்டாது என்பதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

*வைஃபை பெயர் எத்தனை?* ஆபீசுக்கு ஒன்று, ஸ்டாஃபுக்கு ஒன்று, சரக்கு வாங்க வரும் பையருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பெயரும் நொடிக்குப் பத்துத் தடவை "நான் இருக்கிறேன்" என்று மெதுவான வேகத்தில் கூவிக்கொண்டே இருக்கும். இரண்டு போதும்.

*ரௌட்டர் பவர்?* கூட்ட வேண்டாம், குறையுங்கள். இதைச் சொன்னால் எந்த முதலாளியும் முதலில் நம்புவதில்லை. ஐம்பதடி தள்ளி இருக்கும் போன் சத்தமாகப் பேசாது. ரௌட்டர் மட்டும் கத்தினால் போனில் கோடு ஏறும், ஆனால் போன் சொல்வது ரௌட்டருக்குக் கேட்காது. கூடவே உங்களுடைய அடுத்த ஹால் ரௌட்டரின் முறையையும் தின்னும்.

இவ்வளவும் செய்து தீரவில்லை என்றால்தான் செலவு. நகராத பொருள் எல்லாவற்றுக்கும், அதாவது கேமரா, பில் பிரிண்டர், டிவி, மேசைக் கம்ப்யூட்டருக்கு வயர் போடுங்கள். போனையும் லேப்டாப்பையும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். பெரிய ரௌட்டர் வாங்குவது கடைசி. நாலு அக்சஸ் பாயிண்டுக்கு (வைஃபை பரப்பும் பெட்டி) மேல் தேவைப்படும் யூனிட் என்றால் அதற்கென்று சர்வே எடுக்கும் ஆளைக் கூப்பிட்டு வரைபடம் போட்ட பிறகு மாட்டுங்கள்.

அறிகுறி 2: நாள் முழுக்க நன்றாக இருக்கிறது, ஒரு நேரத்தில் மட்டும் சாகிறது

நோட்டு ஒன்று வைத்து நேரத்தை எழுதச் சொல்லுங்கள். மூன்று நாள் எழுதினால் போதும்.

*மதியம் ஒரு மணி, சாயங்காலம் ஐந்து மணி.* மைக்ரோவேவ் அடுப்பு. 2450 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்வதால் 6, 11 இரண்டையும் கெடுக்கும். அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து இரண்டு நிமிடம் ஓட்டி, பிங்கைப் பாருங்கள். குதித்தால் பிடிபட்டது. சாதாரண அடுப்பு 50 ஹெர்ட்ஸ் கரண்டில் 10 மில்லிசெகண்ட் கத்தும், 10 மில்லிசெகண்ட் அமைதியாக இருக்கும். அதனால் வைஃபை முழுக்கச் சாகாது, பாதி உயிரோடு இழுக்கும். சேனல் 1க்கு மாறுங்கள், அல்லது அடுப்பை நகர்த்துங்கள். கதவு சரியாகப் பொருந்தாத அடுப்பு என்றால் வைஃபைக்காக இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

*நேரம் ஒழுங்கில்லை, ஆனால் வந்து வந்து போகிறது.* ஒரு நூல் குடோனில் இது எனக்கு நாலு நடை ஆனது. கேமரா படம் திடீரென்று உறையும், இருபது நிமிடம் கழித்துத் தானே வரும். செயலியில் ஒன்றும் தெரியவில்லை. ரௌட்டர் மாற்றினேன், கேமரா மாற்றினேன், அடாப்டர் மாற்றினேன். நாலாவது நடையில் வாட்ச்மேன் ஐயாதான் சொன்னார்: "அந்த நீல வண்டி வந்தா நின்னுபோகுது கண்ணு." எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வண்டி வந்தது, படம் நின்றது. டிரைவர் சாவியை அணைத்தார், படம் ஓடியது. வண்டிக்குப் பின்னால் வயர்லெஸ் ரிவர்ஸ் கேமரா, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அனலாக். மாட்டியவர் ரிவர்ஸ் லைட் வயரில் கொடுக்காமல் இக்னிஷன் வயரில் கொடுத்துவிட்டதால், இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் இடைவிடாமல் படம் அனுப்பிக்கொண்டே இருந்தது. லோடு ஏற்றும்போது ஏசிக்காக இன்ஜினை ஓடவிடுவது அந்த டிரைவர் பழக்கம். வயரை மாற்றிக் கொடுத்தோம், பத்து நிமிட வேலை. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் பேசுவது வாட்ச்மேனிடம்.

இந்த வகையில் சேர்வன: குழந்தை தொட்டில் கண்காணிப்புக் கருவி, செட்டாப் பாக்ஸ் படத்தை அடுத்த அறைக்கு அனுப்பும் பழைய பெட்டி, 2.4 ட்ரோன் ரிமோட். ஒவ்வொன்றாக ஆஃப் செய்து பார்ப்பதுதான் வழி. உங்கள் கட்டடத்தில் எல்லாம் ஆஃப் ஆனபிறகும் தொடர்ந்தால், காற்றில் இருக்கும் எல்லா அலையையும் காட்டும் கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசரும் திசை காட்டும் ஆன்டெனாவும் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் அது.

அறிகுறி 3: வைஃபை நன்றாக இருக்கிறது, புளூடூத் ஸ்கேனர் விட்டுவிட்டு வேலை செய்கிறது

செக்கிங் டேபிள், பேக்கிங் செக்‌ஷன் இரண்டிலும் வரும் புகார் இது. பழைய வகை புளூடூத் 79 சேனலில் நொடிக்கு 1600 தடவை தாவும். கெட்ட இடத்தை விட்டு விலகி நல்ல இடத்தில் மட்டும் தாவும் புத்தியும் அதற்கு உண்டு. ஆனால் தாவுவதற்குக் குறைந்தது 20 சேனலாவது அதற்கு வேண்டும். 1, 6, 11 மூன்றிலும் வைஃபை நிரம்பி வழிந்தால் அதற்கு நிற்க இடம் குறைந்துபோகும்.

முதலில் காசில்லாத காரணங்கள். ஸ்கேனர் சார்ஜ் பாருங்கள். ஸ்கேன் செய்யும் அக்காவின் உடம்பு ஸ்கேனருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் வருகிறதா பாருங்கள். 2.4ஐ தண்ணீர் குடித்துவிடும், மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். சாயப்பட்டறையிலிருந்து வந்த ஈரத் துணி மூட்டை நடுவில் இருந்தாலும் அதே கதை.

அடுத்து யுஎஸ்பி. இது பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் புளூடூத் டாங்கிள் (சின்ன யுஎஸ்பி குச்சி) செருகியிருக்கும் ஓட்டைக்குப் பக்கத்து நீல நிற ஓட்டையில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால், அந்த யுஎஸ்பி 3.0 தடமே 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கசியவிடும். பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும் ஸ்கேனர் விட்டுப்போனால் சந்தேகமே வேண்டாம். டாங்கிளை ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். நூறு, நூற்றைம்பது ரூபாயில் முடியும்.

லேப்டாப்பின் சொந்தப் புளூடூத் என்றால் இன்னொன்று. அதில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சிப், சில சமயம் ஒரே ஆன்டெனா. நீ கொஞ்சம், நான் கொஞ்சம் என்று நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஃபைல் இறக்கினால் இரண்டும் தள்ளாடும். லேப்டாப் வைஃபையை 5க்கு மாற்றியதும் தீர்ந்துவிடும்.

ஒரே ஹாலில் முப்பது நாற்பது ஸ்கேனர் ஓடும் யூனிட் என்றால் இந்தச் சில்லறை வைத்தியம் ஓடாது. மேசையோடு நிற்கும் ஸ்கேனரை வயருக்கு மாற்றச் சொல்கிறேன். மாற்றியவர்கள் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

அறிகுறி 4: ஸ்மார்ட் சுவிட்ச், சென்சார் சில நேரம் பதில் சொல்வதில்லை

ஜிக்பீ வகை என்றால் அதுவும் 2.4தான், 11 முதல் 26 வரை சேனல் எண். வைஃபையின் 11உம் ஜிக்பீயின் 11உம் ஒரே இடம் இல்லை, பெயர்தான் ஒன்று. வைஃபை 1, 6இல் இருந்தால் ஜிக்பீயை 25க்கு மாற்றுங்கள். ஹப்பை (இவற்றை நெட்டோடு இணைக்கும் பெட்டி) ரௌட்டருக்கு மேலேயே ஒட்டி வைக்காதீர்கள், நாலைந்தடி தள்ளுங்கள். சேனல் மாற்றினால் சில பல்புகளை மறுபடி சேர்க்க வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.

அறிகுறி 5: 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை திடீரென்று மறைகிறது, அல்லது ஒரு போனுக்கு மட்டும் தெரியவில்லை

எல்லோருக்கும் மறைந்து ஒரு நிமிடத்தில் வந்தால், சேனல் 52 முதல் 64 அல்லது 100 முதல் 144க்குள் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பகுதியை ரேடாரோடு பங்கு போட்டிருக்கிறோம். ரேடார் போல ஏதாவது கேட்டால் ரௌட்டர் அந்த சேனலை விட்டு உடனே எழுந்துவிட வேண்டும், அரை மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. அதே பகுதியில் புதிய சேனலுக்குப் போனால் அங்கேயும் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசலாம். சில சமயம் உண்மையான ரேடார் இல்லாமலேயே ரௌட்டர் பயந்து எழும். சூலூர் விமானப்படைத் தளம், பீளமேடு விமான நிலையம் பக்கம் மாட்டும்போது நான் இந்த வம்பே வேண்டாம் என்று 36 முதல் 48 அல்லது 149 முதல் 161க்குள் வைத்துவிடுவேன்.

ஒரு சாதனத்துக்கு மட்டும் தெரியவில்லை என்றால், அது வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த லேப்டாப்புக்கு 2.4இல் 12, 13 தெரியாமல் போகலாம். விலை குறைந்த டிவிகள் சிலவற்றுக்கு ரேடார் பகுதி தெரியாது. சேனலை மாற்றினால் தீர்ந்தது, டிவியைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்.

அறிகுறி 6: வீட்டிலிருந்து தோட்டத்துச் சாளைக்குப் போகும் வயர்லெஸ் லிங்க் விட்டுவிட்டு வருகிறது

5 ஜிகாஹெர்ட்ஸ் டிஷ் இரண்டு வைத்து ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் நெட் கொண்டுபோவது இப்போது சாதாரணம். 2018 அறிவிப்புக்குப் பிறகு 5 ஜிகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் இடம் நன்றாக விரிந்ததால் மாட்டுவோரும் பெருகிவிட்டார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு லிங்க். மாசியில் மாட்டினேன், அருமையாக ஓடியது. ஆடி பிறந்ததும் மத்தியானம் ஆனால் படுத்துவிடும். பக்கத்துத் தோப்பில் புதிதாக ஒரு டிஷ் ஏறியிருந்ததால் அதுதான் என்று முடிவுகட்டி, அந்தத் தோட்டத்துக்காரரிடம் போய்ப் பேசியும் விட்டேன். அவர் தங்கமான மனுசன், இரண்டு நாள் ஆஃப் செய்து கொடுத்தார். ஒன்றும் மாறவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தென்னை மட்டை ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மாசியில் அசையாமல் நின்ற மட்டை ஆடியில் லிங்கின் குறுக்கே வந்து போனது. கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் போதாது. 5.8 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் லிங்கின் நடுவில், இரண்டு டிஷ்ஷையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்றரை மீட்டர் தூரம் காலியாக இருந்தால்தான் லிங்க் நிம்மதியாக இருக்கும். குழாய்க் கம்பத்தைப் பத்தடி உயர்த்தினோம். அந்தத் தோட்டத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போய் இளநீர் குடித்துவிட்டு வந்தேன்.

அதனால் வரிசை இப்படி. காற்றடிக்கும்போது மட்டுமா? மரம், இல்லையென்றால் கிளாம்ப் லூஸ். மழைக்குப் பிறகா? கனெக்டரில் தண்ணீர். காற்றும் இல்லை, மழையும் இல்லை, சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை என்றால்தான் பக்கத்து லிங்கைச் சந்தேகிக்க வேண்டும். டிஷ்ஷின் சொந்த செட்டிங்கிலேயே சேனல் ஸ்கேன் இருக்கும், இரண்டு முனையிலும் ஓட்டுங்கள். ஒரு முனை மட்டும் பார்ப்பது பயனில்லை, இங்கே கேட்காத சத்தம் அங்கே கேட்கும். அகலத்தை 40இலிருந்து 20க்குக் குறைத்தாலே பாதி தீரும். அறுபதடி டவரில் ஏற வேண்டும் என்றால் பெல்ட் போட்டு ஏறிப் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 7: கேபிள் ஆபரேட்டரின் பெரிய டிஷ்ஷில் சேனல்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன

வீட்டு டிடிஎச் குடை இல்லை, ஆபரேட்டரின் சி-பேண்ட் டிஷ். அது 3700 முதல் 4200 மெகாஹெர்ட்ஸ் கேட்கும். 2022இல் ஏலம் போன 5ஜி பட்டை 3300 முதல் 3670 வரை. நடுவில் 30 மெகாஹெர்ட்ஸ்தான் வரப்பு. செயற்கைக்கோள் சிக்னல் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறது, 5ஜி டவர் தெருமுனையில் நிற்கிறது. டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி எல்என்பி. பழைய எல்என்பிகள் 3400 வரைக்கும் காதைத் திறந்து வைத்திருக்கும். டவர் பேசத் தொடங்கியதும் காது அடைத்துப்போகும், அப்போது 4100இல் இருக்கும் சேனலும் உடையும்.

டவர் மேல் பழி போடுவதற்கு முன்: கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். டிஷ் காற்றில் நகர்ந்திருக்கிறதா பாருங்கள். மார்ச் மாதத்திலும் செப்டம்பர் கடைசியிலும், சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் மட்டும் உடைந்தால் அது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நேரம். ஒன்றும் செய்ய வேண்டாம்.

நாள் முழுக்க உடைகிறது, பக்கத்தில் புது 5ஜி வந்திருக்கிறது என்றால் 3700-4200ஐ மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் போட வேண்டும். இது ஃபீட்ஹார்னுக்கும் (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் வாய்) எல்என்பிக்கும் நடுவில் வர வேண்டும். விலை குறைவு என்று எல்என்பிக்குப் பின்னால் கேபிளில் போடும் சின்ன ஃபில்டரை வாங்கி ஏமாறாதீர்கள். அடைத்த காதுக்கு வெளியே எதை வைத்து என்ன? ஃபில்டர் உள்ளேயே வைத்து வரும் எல்என்பியும் கிடைக்கிறது. ஒன்றை மாற்றிப் பார்த்துத் தீர்ந்தால் மற்றதையும் மாற்றுங்கள். ஃபில்டர் போட்டும் தீரவில்லை என்றால் டிஷ்ஷையே டவருக்கு மறைவாக, கட்டடத்துக்குப் பின்பக்கம் இறக்க வேண்டும். அதற்கு அலைன்மென்ட் மீட்டர் வைத்திருக்கும் ஆள் கட்டாயம்.

அறிகுறி 8: கல்யாண மண்டபத்தில் கார்ட்லெஸ் மைக் கரகரக்கிறது

மங்கல வாழ்த்துப் பாடும் நேரம் பார்த்துக் கரகரத்தால் மைக்செட்காரர் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. புது பேட்டரி போடுங்கள். இரண்டு மைக்கும் ஒரே அலைவரிசையா பாருங்கள். ரிசீவர் எல்இடி திரைக்குப் பின்னால் இருக்கிறதா பாருங்கள், அந்தத் திரை சுற்றிலும் இரைச்சல் கக்கும். ரிசீவரைப் பாடுபவர் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் மைக்கின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். 703 முதல் 748, அல்லது 758 முதல் 803க்குள் இருந்தால் அது இப்போது மொபைல்காரர்களின் இடம். 700 பட்டையும் 2022இல்தான் விற்றது. ஆயிரம் பேர் ஆயிரம் போனோடு உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அந்த மைக் பிழைக்காது. அதைச் சரிசெய்யவும் முடியாது, வேறு அலைவரிசை செட்டுதான். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மைக் என்று வாங்கிவிடாதீர்கள், அது இதைவிட நெரிசல்.

அறிகுறி 9: ஆர்எஃப்ஐடி ரீடர் சில அட்டைப்பெட்டிகளை விட்டுவிடுகிறது

பெட்டியில் ஒட்டிய டேக்கை ரேடியோ அலையில் படிப்பதுதான் ஆர்எஃப்ஐடி. ஏற்றுமதி யூனிட்டுகளில் மட்டும் வரும் தொல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ரீடர் எந்த நாட்டு செட்டிங்கில் இருக்கிறது பாருங்கள். நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் சின்னப் பட்டை. அமெரிக்க செட்டிங் 902 முதல் 928 வரை. அப்படியே ஓட்டினால் 890-915இல் போன்கள் டவருக்குப் பேசும் இடத்தில் போய் விழுவீர்கள். அது சட்டப்படியும் தப்பு. அது சரியாக இருந்தால், பக்கத்து லைன் ரீடரை ஆஃப் செய்து பாருங்கள். இரண்டு ரீடர் எதிரெதிராக இருந்தால் ஒன்றின் சத்தத்தில் மற்றதற்கு டேக்கின் முனகல் கேட்காது. பவரைக் குறைத்து, பெட்டி வரும்போது மட்டும் ரீடர் பேசும்படி ஒரு சென்சார் வையுங்கள்.

அறிகுறி 10: தெரு முழுக்க போனில் கோடு நிற்கிறது, கால் போகவில்லை

ஒரு போனுக்கு மட்டும் என்றால் போன். ஒரு கம்பெனி சிம்மெல்லாம் என்றால் டவர், அவர்களுக்குச் சொல்லுங்கள். நாலு வீடு, ஒரு தெரு, புதிதாகத் தொடங்கியது என்றால் யாரோ மொட்டை மாடியில் சிக்னல் பூஸ்டர் வைத்திருக்கலாம். அந்தப் பெட்டி போன் சத்தத்தோடு இரைச்சலையும் பெருக்கி டவரை நோக்கிக் கத்தும், டவருக்குக் காது கேட்காமல் போகும். டவர் பேசுவது நமக்குக் கேட்பதால் கோடு மட்டும் குறையாது. ஆன்லைனில் கிடைக்கிறது என்பதால் அது அனுமதி பெற்றதாகிவிடாது. மொபைல் நிறுவனம் தவிர வேறு யாரும் அதை வைக்கக் கூடாது. வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்றால் வைஃபை காலிங் ஆன் செய்துகொள்ளுங்கள், செலவே இல்லை. பூஸ்டர் இருக்கும் வீடு தெரிந்தால் போய்ச் சண்டை போடாதீர்கள். மொபைல் நிறுவனத்தில் புகார் எழுதுங்கள். தேடிப் பிடிக்கும் கருவியும், எடுக்கச் சொல்லும் அதிகாரமும் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்புப் பிரிவுக்கு உண்டு.

கைவைக்கவே கூடாத ஒன்று: கிரேன் ரிமோட்

கோவை ஃபவுண்டரிகளில் மேலே ஓடும் கிரேனுக்கு இப்போது வயர்லெஸ் ரிமோட். 433 மெகாஹெர்ட்ஸ் இருக்கும், 2.4ஆகவும் இருக்கும். "வைஃபை பார்க்கிறவருதானே, இதையும் ஒரு பார்வை பாருங்க" என்பார்கள். நடுவழியில் நிற்கிறது என்றால் ரிமோட் தொடர்பு விட்டதும் பாதுகாப்புக்காக நிற்கிறது, அப்படித்தான் நிற்க வேண்டும். பேட்டரி மாற்றலாம், அவ்வளவுதான். பட்டனை விட்ட பிறகும் நகர்கிறது, தொடாமல் நகர்கிறது, இல்லை பக்கத்து ஷெட் பகுதி (பே) ரிமோட்டுக்கு அசைகிறது என்றால், அடியில் இருப்பவர்களை வெளியே அனுப்பி மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போடுங்கள். "ஒருதடவை ஆன் பண்ணிக் காட்டறேன் தம்பி" என்று சூப்பர்வைசர் அண்ணன் கிளம்பினாலும் விடக் கூடாது. கிரேன் கம்பெனியின் சர்வீஸ் ஆள் வரும் வரைக்கும் அது பூட்டியே இருக்கட்டும். அந்த ஹாலில் எந்தெந்த அலைவரிசையில் என்ன ஓடுகிறது, ரௌட்டர் எந்த சேனல், எந்தத் தேதியில் புதிதாக என்ன மாட்டினார்கள் என்று ஒரு தாளில் எழுதி சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டு நான் கிளம்பிவிடுவேன். சர்வீஸ் ஆள் வந்ததும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.